வேற லாட்டு

வாங்க தம்பி, வாங்க. செருப்பை அங்கீயே விட்டுருங்க. கரூர்ல காலங்காத்தாலயே கெளம்பீட்டீங்களாட்ட இருக்குது. காங்கயம் வழியாத்தான வந்தீங்க? அந்த ஊருக்குள்ள வர்றப்போ ஒரு கண்ணால மண்டபம், வாசல்ல வாழைமரம் கட்டி, பாட்டுப் போட்டிருப்பாங்க. பாத்தீங்களா? கூட்டம் இருந்துச்சுங்களா? பாக்கலையா. செரி விடுங்க, வண்டி ஓட்டறவரு ரோட்டைத்தான் பாக்கோணும்.

உக்காருங்க. டீ நானேதான் வெக்கோணும், வீட்டுல ஆளில்லீங்க. வேட்டியா? பட்டு வேட்டிதானுங்க. சும்மா கட்டுனேன். மணி என்னங்க ஆச்சு? எட்டே முக்காலா. ஒம்பதுக்கு மேல பத்தரைக்குள்ள முகூர்த்தம், அதுக்குத்தான் கேட்டேன். மறைக்கறதுக்கு என்ன இருக்குது, இன்னிக்கு என்ற பொண்ணுக்குக் கண்ணாலமுங்க. நான் கேட்டனே, அந்த மண்டபத்துலதான்.

எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. உங்களால ஒண்ணும் கெட்டுப் போகலை. நாந்தான உங்களை இன்னிக்கு வரச் சொன்னேன். வேற நாளைக்கு வரட்டுமான்னு நீங்க ரெண்டு தடவை கேட்டீங்க, நாந்தான் இன்னிக்கே வாங்கன்னேன். ஆளு வர்றாங்கன்னா நான் எப்படிப் போறது? அதுவும் போக, இந்தப் பாம்புகளை விட்டுப்போட்டு நகர முடியாதுங்க. கரண்டு போனா பொட்டியில சூடு எறங்கிப் போயிரும். யாரு பாக்கறது?

இதா பாருங்க, இதுதான் ஆத்தா, அது அப்பன். ராஜநாகம் இல்லீங்க, அதை மொதல்ல சொல்லீறேன். கிங் ஸ்னேக்குன்னா எல்லாரும் ராஜநாகம்னு நெனச்சுக்கறாங்க. இது அமெரிக்காப் பாம்பு, வெஷங்கிடையாது. கருப்புல வெள்ளை வளையம். பக்கத்து வீட்டுக்காரரு ஒருநாள் எட்டிப் பாத்துட்டுக் கட்டுவிரியன்னு ஊரைக் கூட்டீட்டாரு. எங்க மொதலாளி மகன் ஆசைப்பட்டு வாங்குனதுங்க, பென்சில் தண்டி இருக்கறப்போ. கட்டிக்கிட்டு வந்த பொண்ணு பாம்பா நானான்னு கேட்டிருக்குது. அப்பறம் என்ன, கெவர்மெண்டுல பதிஞ்ச பேப்பரோட சேத்தி என்ற கையில குடுத்துட்டாரு. சென்னியப்பன் கையில குடுத்தா கெடாதுன்னு ஒரு நம்பிக்கை அவிங்களுக்கு.

அதே ஜோடியோட குட்டிதானான்னு போன்ல கேட்டீங்க பாருங்க, அது நல்ல கேள்வி. கேக்கோணும். கேக்காம எடுக்கறவன் ஏமாளி. ஆனா நான் சொல்ற பதிலை முழுசாக் கேக்கோணும், பாதியில போகக் கூடாது. பாதியில போனவங்க ரெண்டு பேரு இருக்கறாங்க.

முப்பத்தோரு வருசம் சாயப்பட்டறையில ஷேடு பாத்தவனுங்க நான். சாயம் ஏறுன துணியையும் பார்ட்டி குடுத்த சாம்பிளையும் லைட் பொட்டிக்குள்ள பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கோணும். ரெண்டும் ஒண்ணுதான்னு நீங்க சொல்லுவீங்க. நான் இல்லைம்பேன். ஒரு தொட்டியில ஒருக்காச் சாயம் ஏறுனதெல்லாம் ஒரு லாட்டு. மறுக்கா அதே சாயத்தை அதே அளவுல போட்டாலும் அது வேற லாட்டு. ரெண்டையும் கலந்து தெச்சுட்டா பனியன் ஒரு நெறம், கை ஒரு நெறம்னு வந்துரும். நான் 'வேற லாட்டு'ன்னு சொல்லீட்டா சொன்னதுதான். மொதலாளியே மறுபேச்சுப் பேச மாட்டாரு. கண்ணு அப்படிங்க எனக்கு. அதுல பெருமைதான், இல்லைன்னு சொல்லலை.

செரி, கதைக்கு வர்றேன். போன மார்கழியில முட்டை வெச்சுது, ஒம்பது முட்டை. டப்பாவுல ஈரமா மண்தூள் போட்டு, இருவத்தெட்டு டிகிரி சூடு வெச்சு, பொட்டியப் பூட்டிச் சாவிய அரைஞாண் கவுத்துல கட்டீட்டேன். அறுவத்தி ரெண்டாம் நாளு மத்தியானம் மொத முட்டை கீறுச்சு. ஒண்ணொண்ணா மூக்கை நீட்டுது. அஞ்சு குட்டி அப்பன் ஆத்தாளாட்டவே வளையம் வளையமா. ஆறாவதும் ஏழாவதும் வளையம் அறுந்து அறுந்து, ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டு, சங்கிலியாட்ட வந்துச்சு. செரி, அச்சுத் தப்பிப் போச்சுன்னு விட்டேன். எட்டாவது வந்துச்சு பாருங்க. கருப்புங்கறதே ஒடம்புல இல்லை. வெள்ளையுமில்லை ரோசுமில்லை, வளையம் இருக்கற எடமெல்லாம் மஞ்சள், கண்ணு ரத்தச் சிவப்பு. ஒம்பதாவதும் அதே.

என்ற வாயில மொதல்ல என்ன வார்த்தை வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? வேற லாட்டு. வேற என்ன வரும். யாரோ முட்டையை மாத்தீட்டான்னுதான் நெனச்சேன். ஆனா எப்படி மாத்துவான்? பூட்டு என்னுது, சாவி என்னுது. முட்டைக்கு நம்பர் போட்டது நான். கீறி வந்ததை இந்தக் கண்ணு பாத்துது. என்ற கண்ணை நானே நம்பலைன்னா வேற யாரு நம்புவா?

பாம்பு வளக்கறவங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டோப் போட்டேன். சந்தோசத்துலதான் போட்டேன். ஒரு மணி நேரத்துல மானம் போச்சுங்க. ஒருத்தன் சொல்றான், வெளிய வாங்கிக் கொண்டாந்து கலந்துட்டாருன்னு. கோயமுத்தூர்க்காரன் ஒருத்தன் இருக்கறான், எல்லாந் தெரிஞ்ச ஏகாம்பரம். அவன் என்ன சொன்னான் தெரியுங்களா? பொட்டைப்பாம்பு முன்னாடியே வேற ஆணோட சேந்திருக்கும், அந்த ஆணோட வெதைய வருசக்கணக்குல உள்ள வெச்சிருந்து அப்பறம் முட்டை போடும், சென்னியப்பண்ணனுக்கு அது எங்க தெரியும்னு சொல்லி, கீழ சிரிக்கற பொம்மை நாலு போட்டிருந்தான்.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். அது பென்சில் தண்டியில இந்த வீட்டுக்கு வந்ததுங்க. வேற ஆணோட மூஞ்சியக் கூடப் பாத்ததில்லை. மூணு நாள் விடலை நான். வாய்ஸ் மெசேஜாப் போட்டுத் தள்ளுனேன். 'அதும்பட யோக்கியதை எனக்குத் தெரியும்டா. பேச வாயில்லாத சீவன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லாதே, நாக்கு அழுகிப் போயிரும். நீ பாத்தியா? பக்கத்துல இருந்தியா? நெறம் மாறிப் பொறந்தா ஆத்தாள்காரிதான் கெடச்சாளா உனக்கு?' இப்படியெல்லாம். சத்தம் எச்சாத்தான் இருந்திருக்கும். சாந்தாமணி சமையக்கட்டுல இருந்தா, அவளுக்கும் கேட்டிருக்கும். சாந்தாமணிங்கறது என்ற சம்சாரமுங்க.

நாலாம் நாளு, குரூப்புலயே ஒரு அம்மணி, மாட்டு டாக்டரு, எனக்குப் போன் போட்டு வெவரம் சொன்னாங்க. அதை அப்படியே உங்களுக்குச் சொல்றேன், கேட்டுக்குங்க. ஒவ்வொரு நெறத்துக்கும் ஒடம்புல ரெண்டு பங்கு இருக்குதுங்க. அப்பன்கிட்ட இருந்து ஒண்ணு, ஆத்தாகிட்ட இருந்து ஒண்ணு. கருப்பு ஒரு பங்கு இருந்தாலே போதும், மேல அதுதான் தெரியும். கூட இருக்கற வெள்ளைப் பங்கு உள்ளுக்குள்ள ஒளிஞ்சுக்கும். தலைமுறைக்கும் ஒளிஞ்சு கெடக்கும். ரெண்டு பேரும் கருப்பா இருப்பாங்க, ரெண்டு பேருக்குள்ளயும் வெள்ளை இருக்கும், யாருக்குந் தெரியாது. அந்த ஒளிஞ்ச ரெண்டும் ஒரு குட்டியில சேந்துருச்சுன்னா வெளிய வந்துரும். இதுல கவனிக்கோணும் நீங்க, ஆத்தாகிட்ட மட்டும் இருந்தா வராது. அப்பன்கிட்டயும் இருக்கோணும். அப்ப வெள்ளைக் குட்டி பொறந்தா அப்பனுக்கும் அதுல பங்கிருக்குதுன்னுதான அர்த்தம்? கோயமுத்தூர்க்காரனுக்கும் இதைத்தான் போட்டேன்.

எத்தனை பெரிய விசயமுங்க இது. எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. சாந்தாமணியைக் கூப்பிட்டேன். ரெண்டு வருசத்துல பாம்பு ரூமுக்குள்ள அவ கால் வெச்சதில்லை. அன்னிக்கு வந்தா. நாலு டம்ளரை வெச்சு, ரெண்டுல கடுங்காப்பி, ரெண்டுல பால் ஊத்தி, டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். நின்னு கேட்டுட்டே இருந்தா. அப்பறம் கேட்டா, 'ஏனுங்க, ரெண்டு பேருக்குள்ளயும் இருந்துச்சுங்களா?'

ஆமான்னேன்.

'வெளிய பாத்தாத் தெரியாதுங்களா?'

'தெரியாது'ன்னேன். 'லைட் பொட்டியில வெச்சாலுந் தெரியாது.'

'அப்ப யாரு மேலயும் குத்தமில்லீங்களா?'

'பாம்பு மேல என்ன குத்தம்?'னேன்.

அப்படியே தரையில உக்காந்துட்டா. அழுகறாளா சிரிக்கறாளான்னு தெரியலை. 'இதைத் தெரிஞ்சுக்க உங்களுக்கு நாலு நாளு ஆச்சுங்களா?'ன்னு கேட்டா. ஆமாம்மா, நாலே நாள்தான்னு நானும் பெருமையாச் சொன்னேன். மக்யா நாளு துணிமணியெடுத்துட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா, காங்கயத்துக்கு. பொண்ணுக்கு நிச்சயம் பண்ணி வெச்சிருந்த நேரம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பாம்புக்குப் பயந்துட்டு இருந்தவ, பயம் போனதும் போறாளே, ஏன்?

அப்படிப் பாக்காதீங்க தம்பி. நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுது. சொல்லீறேன்.

நான் கருப்பு, பாக்கறீங்கல்ல. சாந்தாமணியும் கருப்புதான். இருவத்தி நாலு வருசத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில இந்தப் பொண்ணு சம்யுக்தா பொறந்தா. துணியை வெலக்கிக் காட்டுனாங்க. மாவாட்ட வெளுப்பு. நாலு நாள் கழிச்சு நல்லாக் கண்ணு முழிச்சா, பூனைக்கண்ணு. ஆஸ்பத்திரியே கூடிக் கொஞ்சுது. எங்கக்கா என்னைப் பாத்து, 'யாரு சாயல்டா இது?'ன்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், 'வேற லாட்டு.'

சிரிச்சுக்கிட்டேதாங்க சொன்னேன். பட்டறையில ராத்திரி பகலா அதே வார்த்தை, வாயில வந்துருச்சு. எங்கக்கா சிரிக்கலை. மாமியா, மாமனாரு, மச்சினன் எல்லாரும் அங்கதான் நின்னாங்க. கட்டில்ல படுத்துட்டு சாந்தாமணி, 'உங்க புள்ளைங்க'ன்னா. நான் டீ வாங்கப் போயிட்டேன்.

அதுக்கப்பறம் ஒரு வார்த்தை கேட்டிருப்பனுங்களா? கேக்கலை. அதைத்தான் எல்லாருகிட்டயும் சொல்றேன். ஊர்ல எத்தனை பேரு அடிக்கறான், ஒதைக்கறான், வீட்டை விட்டுத் தொரத்தறான். நான் ஒண்ணுமே கேக்கலை. படிக்க வெச்சேன், கம்மல் வளையல்னு எதுலயும் கொறை வெக்கலை. யாரு மாதிரின்னு ஒரு நாள் கேட்டதில்லை. இதுக்கு மேல ஒரு மனுசன் எப்படி இருக்கறது? போட்டோவுல பக்கத்துல நின்னதில்லைங்கறா பொண்ணு. எனக்குப் போட்டோன்னாலே புடிக்காதுங்க. தோள்ல தூக்குனதில்லைங்கறா. எனக்குத் தோள்வலி.

ஆறு வயசுல ஆயுத பூசைக்குப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். லைட் பொட்டியப் பாத்துட்டு இது என்னப்பான்னு கேட்டா. அவ கையையும் என்ற கையையும் உள்ள வெச்சு, வெள்ளை லைட்டு, மஞ்ச லைட்டு, நீல லைட்டுன்னு மாத்தி மாத்திப் பாத்தேன். பட்டறைப் பழக்கமுங்க, வேறொண்ணுமில்லை. எத்தனை நேரம் பாத்தேன்னு தெரியலை. 'கை வலிக்குதுப்பா'ன்னா, எடுத்துட்டேன். அத்தனை சின்ன விசயத்தை அவ இன்னும் ஞாபகம் வெச்சிருக்கறாளுங்க. அதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது.

போன மாசம் வந்தா. இங்க, நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தா. கூப்பிடத்தான் வந்திருக்கறான்னு நெனச்சேன். 'தாரை வாத்துக் குடுக்கறதை மாமா பண்ணட்டும்னு அம்மா சொல்லுதுப்பா. நான் இன்னும் செரின்னு சொல்லலை'ன்னா. 'நீங்களே வாத்துக் குடுங்க. ஆனா தண்ணி வாக்கறதுக்கு முன்னாடி, கண்ணாலத்தை நடத்தி வெக்கற அருமைக்காரரு, ஒறம்பரை சொந்தமெல்லாரும் இருக்கறப்போ, ஆஸ்பத்திரியில நான் சொன்னது தப்பு, இது என்ற புள்ளைன்னு ஒருக்காச் சொல்லுங்க. எனக்காக வேண்டாம். அம்மா கேக்கோணும்.'

'அத்தனை பேரு முன்னாடி சொன்னா, தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சு போகாதா சாமி'ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானுங்களே.

'தெரியாதவங்க யாருமில்லைப்பா'ன்னா. அத்தனைதான். எந்திரிச்சுப் போயிட்டா. பாம்புக் குட்டியக் காட்டறேன்னேன், வேண்டான்னுட்டா.

நான் சொல்லக் கூடாதுன்னு இல்லீங்க. சொல்லத்தான் காலைல அஞ்சு மணிக்கே குளிச்சு வேட்டி கட்டுனேன். கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன். மொத வார்த்தைக்கு மேல வர மாட்டேங்குது. கோயமுத்தூர்க்காரன்கிட்ட மூணு நாள் பேசுன வாயிதானுங்க இது. ஒரு பாம்புக்குப் பேச வந்துச்சு. பொண்டாட்டின்னு வர்றப்போ, இத்தனை வருசம் என்னடா பண்ணுனேன்னு நாலு பேரு கேட்டா என்ன சொல்றதுன்னு தோணுது. சபையில ஒருக்காத் தப்புன்னு ஒத்துக்கிட்டா, இருவத்தி நாலு வருசமுந் தப்புன்னு ஆயிருமே. அதை எங்க கொண்டு போயி வெக்கறது? உள்ள போகவும் முடியலை, வெளிய வரவும் முடியலை. கரண்டு, பொட்டி, சூடுன்னு நான் சொன்னதெல்லாம் சும்மாங்க. பக்கத்து வீட்டுக்காரரே பாத்துக்கறேன்னாரு.

செரி, என்ற கதையை விடுங்க. இந்த வெள்ளைக் குட்டி அதே ஜோடியோடதுதான். காயிதத்துல எழுதித் தர ஒண்ணுமில்லை, என்ற வார்த்தைதான். நம்புனா எடுங்க, இல்லைன்னா வேண்டாம்.

என்னங்க? நம்பறீங்களா?

யோசிக்கவே இல்லையே தம்பி. வந்து ஒரு மணி நேரந்தான் ஆகுது. என்னை முன்னப்பின்னப் பாத்ததில்லை. நான் சொன்னேன், நீங்க செரின்னுட்டீங்க. இத்தனை லேசுங்களா இது? அவளும் ஒரு வார்த்தைதான் சொன்னா, உங்க புள்ளைங்கன்னு. செரின்னு நான் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்.

சித்தே அப்படியே உக்காருங்க. நீங்கதான் சபைன்னு வெச்சுக்குங்க. எல்லாருக்கும் வணக்கமுங்க. சம்யுக்தா பொறந்தப்போ ஆஸ்பத்திரியில நான் ஒரு வார்த்தை சொன்னேன். அந்தக் குட்டி... பாருங்க, குட்டின்னே வருது. இருங்க. அந்த வார்த்தை தப்புங்க. சம்யுக்தா என்ற புள்ளை. சாந்தாமணி மேல ஒரு குத்தமுமில்லை. நாந்தான் பாவி.

வந்துருச்சுங்க. வந்துருச்சு பாத்தீங்களா. தண்ணி குடுங்க அந்தச் சொம்புல.

உங்க கார்லயா? உங்களுக்குப் போற வழிதான், எனக்குந் தெரியும். முக்கா மணி நேரத்துல போயிரலாம். மணி ஒம்பதே முக்காலா? அப்ப முகூர்த்தத்துக்குள்ள... செருப்பு எங்க விட்டேன்? இருங்க, போன் அடிக்குது. அவதாங்க. சம்யுக்தா. மணவறையில உக்காந்துட்டுக் கூப்பிடறா.

நீங்க எடுங்க. இந்தாங்க, நீங்க எடுங்க.

என்ன சொல்றா? உக்கார வெச்சுட்டாங்களாமா? மாமன் தாரை வாக்கற சொம்பை வாங்கலையாமா? அருமைக்காரரு நேரத்தை இழுத்துப் புடிக்கறேன்னாரா. சாந்தாமணி பக்கத்துலதான் நிக்கறாளாமா? எங்க வந்துட்டீங்கன்னு கேக்கறாளா.

அங்க எத்தனை பேரு இருப்பாங்க தம்பி? ஐநூறு பேரா?

இல்லீங்க. என்ற கையில குடுக்காதீங்க போனை. நான் இப்பச் சொன்னதைச் சொல்லப் போறீங்களா, சொல்லாதீங்க, உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன். நான் வீட்டுல இல்லைன்னு சொல்லுங்க. பாம்பு ரூமுல இருக்கறேன்னு சொல்லுங்க. என்ன வேணும்னாலும் சொல்லுங்க. கெளம்பீட்டாருன்னு மட்டும் சொல்லீராதீங்க. அப்பறம் காத்துட்டு இருப்பா.